முப்பத்திரண்டு குச்சிகள்

எங்கள் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் என்னைப் பற்றி எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்: மதுசன் சொல்வது எதையும் நம்பத் தேவையில்லை. மூன்று வருடம் பாடுபட்டு எடுத்த பெயர் அது. கன்டீன் சுவரில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் ‘தும்மல்’ என்றொரு சுவர்ப்பத்திரிகை ஒட்டி வந்தேன். ஆசிரியர், எழுத்தாளர், ஓவியர், பசை பூசுபவர் எல்லாம் நானே. கன்டீன் பருப்புக்கறியில் பருப்பு கண்டெடுக்கப்பட்ட செய்தியை முதன்முதலில் வெளியிட்டது நான்தான். முகத்தில் ஒரு தசையும் அசையாமல் பொய் சொல்வேன்; கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதை ஒரு திறமை என்று நம்பியிருந்தேன்.

இனிச் சொல்வது ஒரு செடியைப் பற்றி.

ஓர்க்கிட் என்றதும் மணவறையில் குத்திவைக்கும் ஊதாப் பூவை நினைக்க வேண்டாம். இது காட்டுத் தரையில் சருகுக்குள் கிடக்கும் சாதி. புத்தகத்தில் நெர்வீலியா என்று பெயர். நாங்கள் ஒற்றையிலை என்றோம். நிலத்துக்குக் கீழே கச்சான் கடலையளவில் ஒரு வெள்ளைக் கிழங்கு. வருடத்தில் பெரும்பகுதி அது மட்டும்தான் உயிரோடு இருக்கும். முதல் மழை இறங்கி ஒரு கிழமைக்குள் சருகைத் துளைத்துக்கொண்டு ஒரு தண்டு எழும்பும். ஒரு சாண் உயரம், இலை கிடையாது, நுனியில் தலைகுனிந்த ஒன்றோ இரண்டோ பூ. மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். பிறகு பூ வாடித் தண்டும் உக்கிப்போய்விடும். மூன்று நாலு கிழமை கழித்து அதே கிழங்கிலிருந்து ஒரு இலை வரும். ஒரேயொரு இலை. இதய வடிவம், கையால் மடித்ததுபோல மடிப்புகள், நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். பூ இலையைக் கண்டதில்லை, இலை பூவைக் கண்டதில்லை.

இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். சிவகுருநாதன் சேர் விரிவுரையில் இதைச் சொன்ன அன்று நான் அவருடைய மூக்குக்கண்ணாடியை வரைந்துகொண்டிருந்தேன். படம் நன்றாக வந்தது.

றிஷானா கிண்ணியாக்காரி. கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்தது இந்தச் செடியை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால், வீரை, பாலை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டுத்துண்டில் இது நிறைய இருந்தது. ஆனால் அங்கே பூவும் இரண்டு விதம், இலையும் இரண்டு விதம். பூவில் ஒன்றுக்கு நடு இதழ் வெள்ளை, மற்றதற்கு றோஸ். இலையில் ஒன்று வழுவழுப்பான பச்சை, மற்றது அடியில் ஊதாப் படிந்து மேலே மெல்லிய மயிர் கொண்டது. எந்தப் பூவுக்கு எந்த இலை? வெள்ளைக்குப் பச்சை, றோஸுக்கு ஊதா, இரண்டும் வேறு வேறு இனம் என்று புத்தகம் சொன்னது. ஆனால் இந்தப் பக்கத்துக் காட்டில் யாரும் குந்தியிருந்து பார்த்ததில்லை. அவள் பார்க்கப்போனாள்.

யானைப் பயம் இருப்பதால் தனியாகக் காட்டுக்குப் போகக்கூடாது என்பது துறையின் விதி. சேர் என்னை அவளுக்குத் துணையாகப் போட்டார். என்னுடைய ஆய்வு துறைமுக வீதியோரப் புற்கள் பற்றியது. தேநீர்க் கடையில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரே ஆய்வு என்பதால் எடுத்தது. ஆகவே எனக்கு நிறைய நேரம் இருப்பதாகச் சேர் கருதினார்.

அவளுடைய வாப்பா ஆதம்பாவா நானாவுக்கும் ஒரு விதி இருந்தது: மகள் காட்டுக்குப் போகும் நாளெல்லாம் அவரும் வருவார். அவர் குச்சி வைத்த ஐஸ்பழம் விற்பவர். மோட்டார்சைக்கிளின் பின்னால் குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்துறைமுக வீதியிலும் கடற்கரையிலும் திரிவார். எங்களுக்காகக் காட்டு விளிம்பில், ஒரு பாலைமர நிழலில், யானைக்கும் குரங்குக்கும் மட்டும் கேட்கும்படி மணியடித்துக்கொண்டு இருப்பார். வியாபாரம் எப்படி என்று நான் கேட்டால், குரங்குகள் கடன் கேட்பதாகச் சொல்வார். என்னைப் போலவே முகம் அசையாமல் சொல்வார். அதனால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அடையாளமிடுவதுதான் இந்த ஆய்வின் முழு வேலையும். பூ இருக்கும் அந்த நாலு நாளில் ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் எண் போட்டு ஒன்றை நட்டால்தான், இலை வரும்போது அது எந்தப் பூவின் இலை என்று தெரியும். போன வருடம் ஒத்திகை பார்த்தபோது றிஷானா சிவப்பு நாடா கட்டியிருந்தாள், குரங்கு கொண்டுபோனது. தகரத்துண்டு அடித்தாள், பழைய இரும்பு பொறுக்குபவர்கள் கொண்டுபோனார்கள். கைபேசியில் இடத்தைக் குறித்தால் மர நிழலுக்குள் அது நாலு மீற்றர் தள்ளிக் காட்டியது. செடிகளோ ஒரு சாண் இடைவெளியில் நின்றன. கடைசியில் ஐஸ்பழக் குச்சி என்று முடிவெடுத்தாள். உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத பொருள், யாரும் எடுக்கமாட்டார்கள் என்றாள். அந்த ‘யாரும்’ என்பதில் அவள் என்னைச் சேர்க்கவில்லை.

வாப்பா ஒவ்வொரு பயணத்திலும் எங்களுக்கு ஆளுக்கொரு ஐஸ்பழம் தருவார். தரும்போது ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்.

“குச்சிய எறிஞ்சிராதீங்க தம்பி. மகளுக்குத் தேவ.”

வீட்டில் உம்மா குச்சிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பார். றிஷானா அழியாத மையால் எண் எழுதுவாள். புரட்டாதிக் கடைசியில் மழை இறங்கியது. நாலு நாளில் நாற்பத்தொரு பூவுக்கு நாற்பத்தொரு குச்சி நட்டாள். ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை பாதையோரம். முப்பத்துமூன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை சிற்றோடைக்கு அப்பால். ஒவ்வொரு பூவின் நிறமும் அவளுடைய குறிப்புக் கொப்பியில் ஏறியது. அந்தக் குச்சிகளில் பத்துப் பன்னிரண்டையாவது நானே நக்கி முடித்திருப்பேன். அறிவியலுக்கு நான் செய்த பங்களிப்பு என்று அதைப் பற்றி அப்போது பகிடி விட்டேன்.

பத்து நாள் கழித்து ‘தும்மல்’ ஒட்ட வேண்டிய கிழமை வந்தது. என்னிடம் ஒரு செய்தியும் இல்லை. பருப்புக்கறியில் இரண்டாம் தடவை பருப்பு கண்டுபிடிக்க முடியாது. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கப் போயிருந்தேன். திரும்பும் வழியில் காட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். பூ ஒன்றும் இல்லை. எல்லாம் உக்கிவிட்டது. வெறும் சருகுக்குள் எண் போட்ட குச்சிகள் வரிசையாக நின்றன. பூவை எண்ணியாகிவிட்டது, வேலை முடிந்தது, இனி இது குப்பை என்று நினைத்தேன்.

அப்படித்தான் நினைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. றோஸ் நிறப் பிறிஸ்டல் போட் அட்டையில் குச்சிகளைச் செடி வடிவத்தில் ஒட்டும்போது, எண் எழுதிய பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டினேன். குப்பையென்றால் ஏன் மறைக்க வேண்டும்?

பாதையோரம் நின்ற முப்பத்திரண்டையும் பிடுங்கினேன். ஓடைக்கு அப்பால் போகச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை.

தலைப்பு இப்படி: ‘அரிய கண்டுபிடிப்பு: குச்சி ஓர்க்கிட்.’ கீழே அறிவியல் விவரணம். ‘இலை இல்லை, பூ இல்லை, வேர் இல்லை. மகரந்தச் சேர்க்கை ஐஸ்பழ வண்டியால் நடைபெறும். இறுதியாண்டு மாணவியர் தண்ணீர் ஊற்றினால் பட்டம் காய்க்கும்.’ கன்டீன் முழுக்கச் சிரித்தது. என் கூட்டாளி றுமைஸ் தேநீரை மூக்கால் விட்டான். சிவகுருநாதன் சேர்கூடக் கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வடை வாங்கிக்கொண்டு போனார். றிஷானாவும் வந்து பார்த்தாள். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகச் சிரித்தாள். “வாப்பாட்டக் கேட்டுத்தானே குச்சி வாங்கின நீங்க?” என்றாள். நான் ஓம் என்றேன். அதுதான் முதல் பொய். கேட்டால் ஒரு கட்டுக் குச்சி அவர் சும்மாவே தந்திருப்பார் என்பது அந்த ஓம் வாயை விட்டுப் போனபிறகுதான் தோன்றியது.

ஐப்பசிக் கடைசியில் இலை வந்துவிட்டதாக அவள் துள்ளிக்கொண்டு சொன்னாள். என்ன இலை என்று கேட்டேன். இரக்கத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, சேர் விரிவுரையில் சொன்ன முழுவதையும் முதலிலிருந்து சொன்னாள். கிழங்கு, தண்டு, பூ, பிறகு இலை. இதற்காகத்தானே குச்சி என்றாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த நாளே மூவரும் போனோம். சருகு முழுக்க இலைகள். நூறுக்கு மேல் இருக்கும். பச்சையும் ஊதாவும் கலந்து, நிலத்தில் யாரோ இதயங்களை வெட்டிப் பரப்பியதுபோல. பூக்காத கிழங்குகளும் இலை விடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். குச்சி மட்டும் இல்லை. றிஷானா முதல் குச்சி நின்ற மரத்தடியில் சற்றுநேரம் நின்றாள். பிறகு குந்தினாள். பிறகு முழங்காலில் இருந்து சருகை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினாள். அவள் அழவில்லை. சருகு கிளறும் சத்தம் கேட்டு வாப்பாவும் வந்தார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மகளுக்கு எதிர்ப்பக்கத்தில் குந்தினார். இரண்டு மணித்தியாலம் மூவரும் தேடினோம். எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒன்றை, அது இல்லாத இடத்தில் தேடுவது மிகவும் களைப்பான வேலை.

“குரங்கெண்டா ஒண்டிரண்டத்தானே எடுக்கும்,” என்றாள் அவள். “வரிசையா முப்பத்திரண்டையும் எடுக்குமா?”

“படிச்ச குரங்கா இருக்கும்,” என்றேன் நான்.

அவள் சிரித்தாள். அந்த நேரத்திலும் என்னால் அவளைச் சிரிக்கவைக்க முடிந்தது. அதைவிட அருவருப்பான ஒரு காரியத்தை நான் இதுவரை செய்ததில்லை.

ஓடைக்கு அப்பால் ஒன்பது குச்சி இருப்பதைப் பிறகு கண்டோம். ஒன்பதை வைத்து ஒரு ஆய்வு எழுத ஏலாது என்றாள். அடுத்த பூவுக்கு அடுத்த வருட மழை வரவேண்டும். அடுத்த வருடம் அவள் இங்கே இருக்கமாட்டாள். மாசி மாதக் கருத்தரங்கோடு படிப்பு முடிகிறது. வாப்பா பெட்டியைத் திறந்து மூன்று ஐஸ்பழம் எடுத்தார். என்னிடம் தரும்போது வழக்கமான வசனத்தைச் சொன்னார். இப்போது அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை, பழக்கதோஷம்.

அன்றே சொல்லியிருக்கலாம். அன்று சொல்லியிருந்தால் இது ஒரு மடையன் செய்த பகிடி என்ற அளவோடு போயிருக்கும். நான் வேறொன்று செய்தேன்.

அறையில் கிடந்த பிறிஸ்டல் போட்டிலிருந்து குச்சிகளை உரித்தெடுத்தேன். மறுநாள் காலை தனியாகப் போய், பாதையோரம் கண்ட இலைகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நட்டேன். ஒன்று எங்கே நின்றது, இரண்டு எங்கே நின்றது என்று ஓரளவு ஞாபகம் இருப்பதாக என்னை நம்பவைத்தேன். ஒரு சாண் இடைவெளியில் ஐந்தாறு இலை கிடக்கும் இடத்தில் எது அந்த இலை என்பதை என் மனச்சாட்சியைக் கேட்டுத் தீர்மானித்தேன். அது ஒத்துழைத்தது. குச்சியை ஆழமாக அமத்தி, மேலே மண்ணும் சருகும் போட்டு மூடினேன். இரண்டு நாள் கழித்து மூவரும் மறுபடி போனபோது, மழையில் கரைந்த மண் குச்சிகளை மூடியிருக்கலாம் என்று நானே ஒரு கருத்தைச் சொல்லி, நானே போய் ஒன்றைக் ‘கண்டுபிடித்தேன்’. எண் பதினேழு.

றிஷானா அதைக் கையில் வைத்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். வாப்பா எனக்கு இரண்டு ஐஸ்பழம் தந்தார். ஒன்று வெயிலில் உருகி முழங்கைவரை ஒழுகியது. சாப்பிட முடியவில்லை, பல் கூசுகிறது என்றேன். அதைச் சொல்லக்கூட எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது.

பொய்க்கு ஒரு தாவரவியல் உண்டு. அதுவும் நிலத்துக்குக் கீழே கிழங்கு வைக்கிறது.

அவள் கணக்கெடுத்து முடித்தபோது முடிவு வேறாக வந்தது. வெள்ளைப் பூவில் பாதிக்குப் பச்சை இலை, பாதிக்கு ஊதா இலை. றோஸ் பூவுக்கும் அப்படியே. அதாவது பூவின் நிறத்துக்கும் இலைக்கும் தொடர்பே இல்லை. இரண்டு இனம் என்று புத்தகம் சொன்னது இந்தக் காட்டுக்குப் பொருந்தாது. இது ஒரே இனம். சிவகுருநாதன் சேர் அட்டவணையை மூன்று தடவை பார்த்துவிட்டு, அவருடைய பதினெட்டு வருடச் சேவையில் ஒரு மாணவி இப்படியொன்றைக் கொண்டுவந்ததில்லை என்றார். கருத்தரங்குக்கு வெளியிலிருந்து பேராசிரியை நபீஸாவை அழைத்தார். இது நிலைத்தால் சஞ்சிகைக்கு அனுப்பலாம் என்றார். றிஷானா அந்தக் கிழமை முழுவதும் நடக்கவில்லை, மிதந்தாள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. முப்பத்துமூன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன. வெள்ளைக்குப் பச்சை, றோஸுக்கு ஊதா, ஒன்றுகூடப் பிசகவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் கலப்பு, அந்தப் பக்கம் ஒழுங்கு. ஏன்? நூலகத்தில் மண்ணியல் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு யோசித்தாள். ஓடையின் இரு பக்கமும் மண் எடுத்துவந்து ஆய்வுகூடத்தில் அமிலத்தன்மை பார்த்தாள். அந்த மண்ணைச் சுமந்துவந்தது நான். ஓடை ஒரு தடையாக இருக்கலாம், வண்டுகள் கடக்காமல் இருக்கலாம் என்றெல்லாம் ஒரு அத்தியாயம் எழுதினாள். நல்ல அத்தியாயம். ஓடையைக் கடக்காதது வண்டல்ல, நான் என்பதைத் தவிர அதில் பிழை இல்லை.

குச்சிகள் சிலவற்றில் றோஸ் நிறத்தில் காய்ந்து ஏதோ ஒட்டியிருப்பதாக ஒருநாள் காட்டினாள். மரத்துப் பிசின் என்றேன். அதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்தாள்.

கருத்தரங்கு வியாழக்கிழமை. புதன் பின்னேரம் ஆய்வறிக்கையின் அச்சுப் பிரதியைக் காட்ட உட்துறைமுக வீதிக்கு என்னை வரச்சொன்னாள். வாப்பா கடற்சுவரோரம் மோட்டார்சைக்கிளை நிறுத்தியிருந்தார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பெட்டியைச் சுற்றிச் சின்னப்பிள்ளைகள். வீதியில் திரியும் மான்களில் ஒன்று குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு ஐஸ்பழக் கடதாசியை நக்கிக்கொண்டிருந்தது. றிஷானா சுவரில் இருந்தபடி முதற்பக்கத்தைப் புரட்டினாள். நன்றியுரை. அல்லாஹ்வுக்கு, பெற்றோருக்கு, சேருக்கு. அதற்குக் கீழே:

‘தொலைந்துபோன முப்பத்திரண்டு குச்சிகளையும் மண்ணுக்குள்ளிருந்து மீட்டுத் தந்த நண்பர் மதுசனுக்கு. அவர் இல்லையேல் இந்த ஆய்வு இல்லை.’

அச்சிட்ட எழுத்தில் இரண்டாவது வசனம் மட்டும் உண்மையாகத்தான் இருந்தது.

நான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை. பிறிஸ்டல் போட்டையும், எண்ணை உள்ளே வைத்து ஒட்டியதையும், உரித்துக்கொண்டுபோய் நட்டதையும் சொன்னேன். அவள் முதலில் சிரிக்கத் தயாரானாள். உதடு பாதி விரிந்து, பகிடி எங்கே வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. உதடு அப்படியே நின்றது.

“பகிடிதானே மதுசன்?”

“இல்ல.”

“எதெது நீங்க சரியா நட்டது? எண்ணச் சொல்லுங்க.”

“தெரியாது.”

“ஒண்டாவது?”

“ஒண்டும் தெரியாது. இலையைக் கண்ட இடத்தில நட்டனான்.”

அவள் அறிக்கையை மூடினாள். பிறகு திறந்து அடிக்குறிப்பைத் தேடிப் பிடித்து விரலை வைத்தாள்.

“பிசின் எண்டு சொன்னீங்க,” என்றாள்.

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முப்பத்திரண்டு குச்சியை எடுத்ததைவிட, பிசின் என்று சொன்னதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. குச்சியை எடுத்தபோது நான் அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. பிசின் என்று சொன்னபோது அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

வாப்பா பெட்டியை மூடிவிட்டு வந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவள் எழுந்தாள். நாளைக்குக் காலைக்குள் அட்டவணையை மாற்ற வேண்டும், வீட்டுக்குப் போவோம் என்றாள். புறப்படும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

“நாளைக்கு ஏன் ஒம்பது மட்டும் எண்டு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல ஏலாது. உங்கள மாட்டிவிடவும் விருப்பமில்ல. நீங்களே எழும்பிச் சொல்லுங்க.”

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. புத்தகத்தையே பிழையாக்கும் கண்டுபிடிப்பு என்று கதை பரவியதால் மற்றத் துறைக்காரர்களும் வந்திருந்தார்கள். வாப்பா கடைசி வரிசையில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு கதிரையின் நுனியில் இருந்தார். றுமைஸ் எனக்குப் பக்கத்தில். றிஷானாவின் கண்கள் வீங்கியிருந்தன. இரவு முழுக்க எழுதியிருக்கிறாள். ஆனால் குரல் நடுங்கவில்லை. கிழங்கு, தண்டு, பூ, இலை என்று வரிசையாகச் சொன்னாள். திரையில் ஒன்பது செடி. நாலு வெள்ளைக்கும் பச்சை இலை. ஐந்து றோஸுக்கும் ஊதா இலை. புத்தகம் சொன்னதே இங்கேயும் உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் ஒன்பதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் முடிவு. பதினைந்து நிமிடத்துக்குத் திட்டமிட்டது ஆறு நிமிடத்தில் முடிந்தது. மண் பற்றிய அத்தியாயம் இல்லை. வண்டு இல்லை.

சிவகுருநாதன் சேரின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. முப்பத்திரண்டைத் தள்ளியது காலையில்தான் அவருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. பேராசிரியை நபீஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நாற்பத்தொன்றை நட்டுவிட்டு ஏன் முப்பத்திரண்டைத் தள்ளினீர்கள், அவற்றுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

றிஷானா என் பக்கம் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தாள்களை நேராக்கினாள்.

நான் எழும்பினேன்.

நான் எழும்பியதுமே சிரிப்புத் தொடங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை, அதற்குள். றுமைஸ்தான் தொடக்கிவைத்தான். மதுசன் எழும்பினால் ஏதோ வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று வருடம் நான் பழக்கியது. “மச்சான், குச்சி ஓர்க்கிட்,” என்று பின்னாலிருந்து ஒருவன் எடுத்துக்கொடுத்தான். என் முகம் வழக்கம்போல அசையாமல் இருந்தது. எனக்கு வேறு முகம் செய்யத் தெரியவில்லை.

“அந்தக் குச்சிகள நான்தான் எடுத்தனான்,” என்றேன்.

மண்டபம் வெடித்தது. யாரோ கைதட்டினார்கள். பேராசிரியைகூடப் புரியாமல் புன்னகைத்தார். நான் அப்படியே நின்றேன். சிரிப்பு ஓயும் என்று பார்த்தேன். ஓயும் நேரத்தில் என் முகத்தைப் பார்த்து மறுபடி தொடங்கியது. கடைசி வரிசையைப் பார்த்தேன். ஆதம்பாவா நானா சிரிக்கவில்லை. முகம் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பகிடிக்காரரின் முகம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அவரைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னேன். சுவர்ப்பத்திரிகைக்காகப் பிடுங்கினேன். அவள் தேடும்போது கூடச் சேர்ந்து தேடினேன். பிறகு கண்ட இலைக்குப் பக்கத்தில் நட்டு, மண்ணைப் போட்டு மூடி, நானே கண்டுபிடித்தேன். பிசின் என்றும் சொன்னேன். அது சுவர்ப்பத்திரிகைப் பசை. அவளுடைய ஆய்வில் ஒரு பிழையும் இல்லை, பிழை நான். றுமைஸின் சிரிப்பு இடையில் எங்கேயோ நின்றது. அவனுக்குப் பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் விளங்காமல் கடைசியாகச் சிரித்துவிட்டு, தன் சிரிப்புத் தனியாகக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சொன்ன ஒன்றை ஒரு மண்டபமே நம்பியது அதுதான் முதல் தடவை.

பேராசிரியை நபீஸா ஏதோ எழுதிக்கொண்டார். மீதிக் குச்சிகளைத் தள்ளியது சரியான முடிவு என்று றிஷானாவிடம் சொன்னார். ஒன்பது போதாது, ஆனால் ஒன்பதும் சுத்தமானவை என்றார். எனக்குச் சேரிடமிருந்து திங்கட்கிழமை அறைக்கு வரச்சொல்லி ஒரு துண்டுச்சீட்டு மட்டும் வந்தது.

றிஷானா சித்தியடைந்தாள். முதல் வகுப்பு இல்லை. முப்பத்திரண்டும் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியையும் நான்தான் பிடுங்கினேன். அறிக்கையின் புதிய பிரதியில் நன்றியுரையில் என் பெயர் இல்லை. வேறோர் இடத்தில் இருந்தது: முறைகள் என்ற பகுதியில், மூன்றாம் பந்தியில், குச்சிகள் அகற்றப்பட்ட திகதிக்கு அடுத்ததாக. அதில் கோபமோ கேலியோ இல்லை. குரங்கைப் பற்றியும் பழைய இரும்புக்காரர் பற்றியும் எழுதிய அதே நடையில் என்னையும் எழுதியிருந்தாள்.

கருத்தரங்கு முடிந்த அன்று மத்தியானம் பல்கலைக்கழக வாசலில் ஐஸ்பழ மணி கேட்டது. வெள்ளைச் சேட்டின் கையை மடித்துவிட்டு ஆதம்பாவா நானா விற்றுக்கொண்டிருந்தார். நல்ல வெயில், நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்றவர்கள் என்னைக் கண்டதும் சற்று விலகி இடம் விட்டார்கள். நானும் வரிசையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. என் முறை வந்ததும் அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். கடதாசியை உரித்துத் தந்தார். சலாம் சொன்னால் சலாம் சொல்லும் மனிதர். நான் மன்னிப்புக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த ஆளைப் பார்த்தார்.

குச்சியை எறிய வேண்டாம் என்று என்னிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்துக் குழாயடியில் குச்சியைக் கழுவினேன். எறிய எங்கும் மனம் வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஈரம் நெஞ்சில் பட்டது.